டல்லாஸ் வரை உட்கார்ந்து போவது எப்படி?

கேள்வி: எனக்கு 64 வயது. மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் நானும் கணவரும் சென்னையிலிருந்து துபாய் வழியாக அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குச் செல்கிறோம். சென்ற முறை போனபோது இறங்குவதற்குள் இரண்டு பாதங்களும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூட்டு விறைத்து எழுந்திருக்கவே சிரமப்பட்டேன். பக்கத்தில் இருப்பவர்களை எழுப்ப வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இடது காலில் நரம்பு சுருட்டல் இருக்கிறது. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கணவர் இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினில் ஒன்றை நானும் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மருமகனோ பிசினஸ் வகுப்பில் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அவ்வளவு செலவு வைக்க மனம் வரவில்லை. சாதாரண வகுப்பிலேயே உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் போய்வர வழி உண்டா?
வாசகி, கும்பகோணம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வழி உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் உடல்நிலையை வைத்துப் பார்த்தால், மருத்துவக் காரணத்துக்காகப் பிசினஸ் வகுப்பு கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். படுத்துக்கொண்டு போவது சுகம்தான். ஆனால் சென்ற பயணத்தில் நீங்கள் பட்ட துன்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் இருக்கையின் விலை அன்று. கால் தரையில் பதியாமல் தொங்கியதும், மணிக்கணக்கில் அசையாமல் இருந்ததும், தண்ணீர் குடிக்காததும்தான். இந்த மூன்றையும் சாதாரண வகுப்பிலேயே சரிசெய்துகொள்ளலாம். மருமகன் செலவு செய்யத்தான் விரும்புகிறார் என்றால், நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தச் சிறிய தொகைக்கு இந்தப் பயணத்தில் ஈடான வேறு செலவு இல்லை.

இருக்கையிலிருந்தே தொடங்குகிறேன். சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். உங்களைப் படுத்தியது அதற்குப் பின் வரும் ஏறத்தாழ 16 மணி நேரப் பயணம். அவ்வளவு தொலைவு செல்லும் பெரிய விமானங்கள் பலவற்றில் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கைகள், இருபுறமும் மூன்று மூன்றாகவும் நடுவில் நான்காகவும் இருக்கும். ஓரத்தில் உள்ள மூன்றில் நடைபாதை இருக்கையை எடுத்தால் உள்ளே இருக்கும் இருவரும் வெளியே வர நீங்கள் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். நடு நான்கில் நடைபாதை இருக்கையை நீங்களும், உங்களுக்கு அடுத்ததைக் கணவரும் எடுத்துக்கொண்டால், உங்களை எழுப்பக்கூடியவர் அவர் ஒருவர்தான். நீங்கள் எழுந்து போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்தவரை எழுப்பத் தயங்கித் தண்ணீரைத் தவிர்த்த உங்களுக்கு, இந்த ஓர் ஏற்பாடே பாதிக் கவலையைப் போக்கிவிடும்.

அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்கு மட்டுமே அந்த இருக்கையைத் தருவார்கள் என்பதால், மூட்டுவலி உள்ள உங்களுக்கு அது கிடைக்காது. தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் உள்ள முதல் வரிசையும் எனக்கு உகந்ததாகப் படவில்லை. அங்கே முன்னால் இருக்கை இல்லாததால் பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள். உங்களுக்கோ, அந்தப் பைதான் மிகவும் தேவை. ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி உங்கள் உயரம்தான்.

விமான இருக்கையின் உயரம் நடுத்தர உயரமுள்ள ஆண்களுக்கு ஒத்துவரும். ஐந்தடிக்குக் குறைவான ஒரு பெண் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தால், குதிகால் தரையைத் தொடாது. அப்போது காலின் எடை முழுவதும் தொடையின் அடிப்பகுதியிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் இருக்கையின் முன்விளிம்பை அழுத்திக்கொண்டு நிற்கும். கெண்டைக்காலிலிருந்து மேலே ஏறும் பெரிய சிரை அந்தப் பின்மடிப்பின் வழியாகத்தான் செல்கிறது. மணிக்கணக்கில் அங்கே அழுத்தம் இருந்தால் கீழே ரத்தம் தேங்குகிறது. நீர் கசிந்து பாதம் வீங்குகிறது. சிலருக்குத் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகவும் ஆகிவிடுகிறது.

இது விமானம் கொண்டுவந்த நோயும் அன்று. 1940இல் லண்டன் நகரின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களில் துணி கட்டிய சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததால் ஏற்படும் சாவுகள் அந்த மாதங்களில் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு கூடியதை கீத் சிம்சன் என்ற தடயவியல் மருத்துவர் கவனித்து எழுதினார். நாற்காலியின் முன்பக்கத்து மரச்சட்டம் தொடையை அழுத்தியதும் காரணம் என்று அவர் கருதினார். பதுங்கிடங்களில் படுக்கைகள் போட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1954இல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 14 மணி நேரம் விமானத்தில் பயணம் செய்த ஒரு மருத்துவருக்கே காலில் ரத்தம் உறைந்ததைப் பதிவு செய்தார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, விமானமோ பேருந்தோ ரயிலோ காரோ, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செல்லும் பயணம் இந்த ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்றது. உயரம் 160 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கும் 190க்கு மேற்பட்டவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதும் அதிலே சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் படித்து அஞ்ச வேண்டாம். அந்த அறிக்கையின்படியே, இரண்டு மடங்கான பிறகும் ஆபத்து ஆரோக்கியமானவர்களில் 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. உங்கள் வயதும் நரம்பு சுருட்டலும் அதைக் கொஞ்சம் கூட்டும். ஆகவே அலட்சியமும் வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. கைப்பையாக, உறுதியான, அரை அடி உயரமுள்ள சிறிய பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் மேலேறி, இருக்கை வார் விளக்கு அணைந்த பிறகு அதை முன்னிருக்கையின் அடியிலிருந்து இழுத்து, அதன் மேல் இரு பாதங்களையும் பதித்து வையுங்கள். தொடையின் பின்பகுதிக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே உங்கள் விரல்கள் தடையின்றி நுழைய வேண்டும், அதுதான் அளவு. ஏறும்போதும் இறங்கும்போதும் பை மீண்டும் முன்னிருக்கையின் அடியில் முழுதாகப் போய்விட வேண்டும். விமானத்தில் தரும் போர்வையைச் சுருட்டி இடுப்பின் பின்வளைவில் வைத்துக்கொண்டால், முதுகும் சரியாது, உடல் முன்னுக்கு வழுக்கி வந்து மறுபடி தொடையில் அழுத்தமும் ஏற்படாது.

அடுத்தது அசைவு. கெண்டைக்கால் தசையை நீரேற்றும் கைப்பம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் இருக்கின்றன. தசை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது, தளரும்போது வால்வு மூடிக்கொண்டு அதைக் கீழே இறங்காமல் தடுக்கிறது. நரம்பு சுருட்டல் உள்ள காலில் இந்த வால்வுகள் சரியாக மூடுவதில்லை என்பதால், உங்கள் இடது காலுக்கு இந்தத் தசையின் வேலை இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும், குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று இருபது முப்பது முறை செய்யுங்கள். முழங்காலையும் ஒவ்வொன்றாக முன்னால் நீட்டி மடக்குங்கள். மூட்டு விறைப்பதற்கு அதுவே மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, விமானத்தின் பின்கோடி வரை நடந்து, அங்கே எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி நில்லுங்கள். எழுவதற்குச் சிரமமாக இருந்தால், பல விமானங்களில் நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடியின் அடியில், அதன் கீல் இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே தூக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பி இரு கால்களையும் நடைபாதையில் ஊன்றி எழுந்துவிடலாம். பணிப்பெண்ணிடம் கேட்டால் காட்டுவார்.

அழுத்தக் காலுறை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கிறேன். முழங்காலுக்குக் கீழ் வரை வரும், கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் தரும் காலுறை போதுமானது. நீண்ட விமானப் பயணம் செய்த 2600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிகுறி இல்லாமல் காலில் ரத்தம் உறைந்திருந்தவர்கள் 50 பேர். அவர்களில் காலுறை அணிந்திருந்தவர்கள் மூவர் மட்டுமே. கால் வீக்கமும் அதை அணிந்தவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆனால் நீங்கள் சர்க்கரை நோயாளி என்பதால் ஒரு நிபந்தனை உண்டு. பாதத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் குறுகியிருந்தாலோ, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ இந்தக் காலுறை தீங்கு செய்யும். ஆகவே கடையில் நேராகப் போய் வாங்காமல், முதலில் உங்கள் மருத்துவரிடம் பாதத் துடிப்பையும் உணர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றால், காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலின் சுற்றளவையும் கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுத்து அந்த அளவுக்கு வாங்குங்கள். வீட்டில் இரண்டு மூன்று நாள் அணிந்து பழகிய பிறகே விமானத்தில் போடுங்கள். மேல்விளிம்பு ஒருபோதும் சுருண்டு வளையமாக இறுக்கக்கூடாது; நரம்பு சுருட்டல் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் தோலை ஒட்டிய சிரையில் அழற்சி வரக்கூடும். கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெட்டியைக் கழற்ற மனம் இல்லையென்றால், தளர்வான ஒன்றை மாற்றி அணியுங்கள். வீங்கிய விரலில் இறுகிய மெட்டி, உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண்ணையே உண்டாக்கிவிடும். பாவாடை நாடாவையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். முடியுமானால் அந்த ஒருநாள் தளர்வான சுடிதார் அணிவது எல்லா வகையிலும் நல்லது.

ஆஸ்பிரின் விஷயத்தில் என் பதில் உறுதியானது: வேண்டாம். உங்கள் கணவருக்கு அது தமனியில் அடைப்பு வராமல் இருக்கத் தரப்படுகிறது. அவர் வழக்கம்போல் தொடர வேண்டும். பயணத்துக்காக மட்டும் சிரையில் ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் எடுப்பதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. பலன் நிச்சயமில்லாத இடத்தில், இரைப்பைப் புண்ணும் ரத்தக் கசிவும் வரக்கூடிய மருந்தை 35,000 அடி உயரத்தில் சோதித்துப் பார்க்கக்கூடாது. முன்பு எப்போதாவது உங்களுக்குக் காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ, கடந்த சில வாரங்களில் மூட்டு மாற்று போன்ற அறுவை நடந்திருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ நிலைமை வேறு; அப்போது மருத்துவர் வேறு மருந்து தருவார். தூக்க மாத்திரையும் வேண்டாம். அது தரும் தூக்கத்தில் உடல் ஒரே நிலையில் மணிக்கணக்கில் கிடக்கும். நாம் தவிர்க்க நினைப்பது அதைத்தானே.

தண்ணீருக்கு வருகிறேன். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், அதிகபட்சமாக 8000 அடி உயரத்து மலையில் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் உதகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடைப்பட்ட உயரம். காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். மூக்கும் தொண்டையும் கண்ணும் வறள்வது இதனால். ஆனால் வறண்ட காற்று மட்டுமே உடலின் நீரை வற்றச் செய்துவிடாது. நாமாகக் குடிக்காமல் இருப்பதுதான் வற்றச் செய்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதன் பாதிப்பு இன்னும் அதிகம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் அல்லது சிறுநீரகம் காரணமாகத் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டிருந்தால், உங்கள் கணவர் அந்த அளவை மீறக்கூடாது. காலிப் புட்டி ஒன்றை எடுத்துச் சென்று, பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். விளக்குகள் அணைந்திருக்கும் நேரத்தில் பின்பக்கத்துச் சமையலறைப் பகுதிக்கு நடந்து போய்க் கேட்டால் தண்ணீர் தருவார்கள், நடையும் ஆயிற்று. கழிப்பறைக்கு உணவு வண்டி புறப்படுவதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள். சாப்பாடு முடிந்தவுடனும் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் நீண்ட வரிசை நிற்கும்.

அம்மா, ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று தன் உடம்பின் தேவையை அடக்கிக்கொள்வது நம் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிப்போனது. பேருந்துப் பயணத்தில் தொடங்கி அது விமானம் வரை வருகிறது. சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைத் தவிர்ப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடுவதை நான் நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். மகளின் வீட்டில் உதவி செய்யப் போகும் நீங்கள், போன முதல் வாரமே காய்ச்சலோடு படுத்துக்கொள்ள வேண்டாம்.

உணவில் இரண்டு செய்திகள். அந்த உயரத்தில் வயிற்றில் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விரிகிறது. எனவே முதல் நாளும் பயணத்தின்போதும் கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ், சோடா கலந்த பானங்கள் ஆகியவற்றைத் தவிருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான உணவையோ இந்திய சைவ உணவையோ குறைந்தது ஒரு நாள் முன்பாகவே பதிவு செய்துவிடலாம். இத்தகைய தனி உணவுகளைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே கொண்டுவந்து தருகிறார்கள்.

மாத்திரைகளை முழுவதுமாகக் கைப்பையில், கடையில் தந்த அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் வைத்திருங்கள். பெட்டியில் போட்டு அனுப்பினால், பெட்டி வராத நாளில் மாத்திரையும் இருக்காது. கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அதை உணவுத் தட்டு கண்முன் வந்த பிறகே விழுங்க வேண்டும். சாப்பாடு வரும் என்று எண்ணி முன்கூட்டியே போட்டுக்கொண்டு, விமானக் குலுக்கலால் பரிமாறுவது தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். நான்கைந்து சர்க்கரை மிட்டாய்கள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டல்லாஸ் நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் பத்தரை மணியும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணியும் பின்தங்கியது. இறங்கும் வரை சென்னை நேரக் கணக்கிலேயே மாத்திரையை எடுத்து, இறங்கிய மறுநாள் காலையிலிருந்து அங்குள்ள நேரத்துக்கு மாறுவது பலருக்கு ஒத்துவருகிறது. இடையில் வரும் அந்த ஒரு வேளைக்கு என்ன செய்வது என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்குக் கழுத்துத் தலையணை உதவும். தலை முன்னால் தொங்குகிறது என்றால், அதன் தடித்த பக்கத்தை முகவாய்க்குக் கீழே வருமாறு திருப்பிப் போட்டுப் பாருங்கள். காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு போன்ற அடைப்பான்கள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. எந்திர இரைச்சல் குறைந்தாலே பாதிக் களைப்பு குறையும். இருக்கை வாரைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொண்டால், குலுக்கல் வரும்போது சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.

சக்கர நாற்காலி கேட்கலாமா என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கக்கூடும். மூட்டுவலி உள்ளவர் துபாய் போன்ற பெரிய நிலையத்தில் வாயில் விட்டு வாயில் நடப்பது கடினம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு விமானங்களுக்கு இடையில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில், முடிந்தவரை மெல்ல நடப்பதும், எங்காவது காலை உயர்த்தி வைத்து உட்காருவதும் உங்கள் கால்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு.

இறங்கிய பிறகு இரண்டு பாதங்களும் ஒரே அளவாக வீங்கியிருந்து, காலை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்ததும் ஓரிரு நாளில் வற்றிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் வலியோ சூடோ சிவப்போ தெரிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, ரத்தம் கலந்த சளி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கச் சொல்லுங்கள். இந்த அறிகுறிகள் பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் வரலாம் என்பதால், மகளிடமும் மருமகனிடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள். அங்கே மருத்துவச் செலவு மிக அதிகம். இருவருக்கும் பயணக் காப்பீடு எடுக்கும்போது, சர்க்கரை நோயையும் கணவரின் இதய நோயையும் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.